முதலாளி மகனுக்குக் கோடை வகுப்பு. தொழிலாளி மகனுக்கு மில் வாசலா?

மே மாதம் பிறக்கிறது. பள்ளிக்கூடத்துக் கதவு சாத்தப்படுகிறது. அதே நாளில் வேறு கதவுகள் திறக்கின்றன. எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதுதான் கேள்வி.

பணம் படைத்தவர் வீட்டுப் பிள்ளைக்குத் திறப்பது கோடை வகுப்பின் கதவு. பதினைந்து, பதினாறு வயதில் அவன் ஒரு கல்லூரியிலோ ஆய்வுக்கூடத்திலோ இரண்டு மூன்று வாரம் தங்குகிறான். டாக்டர் என்ன செய்கிறார், எஞ்சினீயர் என்ன செய்கிறார், வக்கீல் வழக்குக் கட்டை எப்படிப் படிக்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறான். எந்தத் தொழில் தனக்கு ஒத்துவரும், எது ஒத்துவராது என்று சாவகாசமாக யோசிக்கிறான். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்தும் இரண்டு வார வகுப்புக்குக் கட்டணம் ஐயாயிரம் டாலருக்கு மேல். நம் பணத்தில் நாலு லட்சத்தைத் தாண்டும். அந்தச் சரக்கு இப்போது நம் நகரங்களிலும் கடை விரித்திருக்கிறது. விலைதான் கொஞ்சம் குறைவு.

தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்குத் திறப்பது எது? பஞ்சாலைக் கேட்டு. செங்கல் சூளை. உப்பளம். சூளைக்கும் உப்பளத்துக்கும் வெயில் காலம்தானே சீசன்! பள்ளி மூடியதும் மதியச் சத்துணவும் நின்றுவிடுகிறது. வீட்டில் தின்ன ஒரு வாய் கூடுகிறது. ஆகவே உழைக்க இரண்டு கையும் கூட வேண்டியிருக்கிறது.

கோடை வகுப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது நல்ல விஷயம். நல்ல விஷயம் என்பதால்தான் அதை விலைக்கு விற்பது அநியாயம் என்கிறோம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை தொழிலின் பெயர் தெரியும் என்று. டாக்டர், எஞ்சினீயர், வாத்தியார், போலீஸ், கலெக்டர். அதோடு பட்டியல் முடிந்துவிடும். நூலின் வலுவைச் சோதிப்பவர், நிலம் அளப்பவர், ரத்தம் பரிசோதிப்பவர், கப்பலில் எஞ்சின் பார்ப்பவர் என்று ஆயிரம் தொழில்கள் இருப்பதை அவனுக்கு யார் காட்டினார்கள்? பார்க்காத தொழிலுக்கு யாரும் ஆசைப்பட முடியாது.

முக்கியமான முடிவு எடுக்க வேண்டியதும் இந்தக் கோடையிலேதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று முடிவு செய்தாக வேண்டும். கணக்கில்லாத குரூப்பில் சேர்ந்தவனுக்கு எஞ்சினீயரிங் பெரும்பாலும் மூடிய கதவு. ஐ.டி.ஐ. படித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தவன் எஞ்சினீயரிங் கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இந்த ஏணி இருப்பது எத்தனை மில் தொழிலாளிக்குத் தெரியும்? மானேஜர் வீட்டில் இதைச் சாப்பாட்டு மேஜையிலே பேசிவிடுகிறார்கள். நம் வீட்டில்? உள்ளூர்ப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ, எதில் இடம் காலியோ, அதுவே பிள்ளையின் தலையெழுத்து!

“ஏன் ஐயா, உங்கள் பிள்ளைகள்தான் விடுமுறையில் வேலை கற்றுக்கொள்கிறார்களே, அதுவும் படிப்புத்தானே?” என்று சில பெரிய மனிதர்கள் கேட்பார்கள்.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 1953ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி மந்திரிசபை கிராமப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தது: பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழில். வண்ணான் மகன் வெளுக்கவும் குயவன் மகன் சட்டி வனையவும் பழக வேண்டும் என்பதே அதன் பொருள். தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று பெயர் சூட்டி எதிர்த்தது. 1954ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் மந்திரிசபை திட்டத்தைக் கைவிட்டது.

வாசல் வழியாகத் துரத்திய திட்டம் கொல்லைப்புறமாக எட்டிப் பார்க்கிறது. 2016ல் பார்லிமெண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. நல்லது. அடுத்த வரியிலேயே, பள்ளி நேரம் போக மீதி நேரத்திலும் விடுமுறையிலும் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவி செய்யலாம் என்று ஒரு சந்தும் வைத்தது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களுக்கோ அபாயத் தொழில்கள் மட்டுமே தடை. யாருடைய விடுமுறையை மனதில் வைத்து இந்தச் சந்து வைக்கப்பட்டது? டாக்டர் மகன் விடுமுறையில் ஆஸ்பத்திரியைக் கூட்டுவான் என்று நினைத்தா?

2020ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பையில்லாமல் வந்து தச்சர், குயவர், தோட்டக்காரர் ஆகியோரிடம் தொழில் பழகலாம் என்கிறது. தச்சு வேலை உயர்ந்த வேலை. அதில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அது பத்து நாள் வேடிக்கை, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அதுவே ஆயுள் முழுவதும் என்றால், அதற்குப் பெயர் கல்வியா?

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கொடுமை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரப் பஞ்சாலைகள் பலவற்றில் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ நம் தோழர்களுக்குத் தெரியாததல்ல. மூன்று வருட ஒப்பந்தம்; ஆலைக்குள்ளேயே விடுதி; முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை. அவள் கூலியிலிருந்தே பிடித்து வைத்த பணத்துக்குத் தாலியின் பெயர்! பரீட்சை முடிந்த வீட்டைத் தேடி ஏஜெண்டு வந்து நிற்கிறான். அவன் வருகிற அந்த வாரத்தில் சர்க்கார் எங்கே போயிற்று?

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான இஸ்ரோ 2019ல் ‘யுவிகா’ என்ற கோடை வகுப்பைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு வாரம் தன் நிலையங்களில் தங்கவைத்து, சோறு, தங்குமிடம், ரயில் செலவு எல்லாம் கொடுத்து, விஞ்ஞானிகளோடு பேசவைத்தது. கிராமத்துப் பள்ளிக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. இதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் முதல் ஆண்டில் எடுத்தது ராஜ்யத்துக்கு மூன்று பேர். மூன்றே பேர்! தமிழக சர்க்காரும் 2022ல் ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்று வழிகாட்டும் திட்டங்களைக் கொண்டுவந்தது. அதுவும் நல்ல காரியமே.

ஆனால் இலவசம் என்று போர்டு மாட்டிவிட்டால் ஏழைப் பிள்ளை வந்துவிடுவான் என்று நினைப்பவர்கள் ஏழை வீட்டுக் கணக்கை அறியாதவர்கள். பதினாறு வயதுப் பையன் சூளையில் கல் சுமந்தால் அன்று மாலை வீட்டுக்கு அரிசி வருகிறது. அவன் வகுப்பில் உட்கார்ந்தால் அந்த அரிசி வராது. கட்டணம் பூஜ்யம், நஷ்டம் ஒரு மாதக் கூலி. அந்த நஷ்டத்தை ஈடு செய்யாத இலவசம், பசியில்லாதவனுக்கு மட்டுமே இலவசம்.

இது நடக்காத காரியமா? முதலாளித்துவத்தின் தலைநகரான அமெரிக்காவிலேயே, 1964ம் ஆண்டு வறுமை ஒழிப்புச் சட்டத்தை ஒட்டி ‘அப்வர்ட் பவுண்ட்’ என்ற திட்டம் 1965 கோடையில் தொடங்கியது. ஏழை வீட்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளைக் கோடையில் கல்லூரிக்கு அழைத்துப் பாடம் சொல்லித்தந்தார்கள். கைச்செலவுக்கு உபகாரச் சம்பளமும் கொடுத்தார்கள். தொகை சொற்பம்தான். ஆனால் கொள்கையை ஒப்புக்கொண்டார்களே! நம் மாநிலத்திலும் அதே கொள்கை ஏற்கப்பட்டதுதான். சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022ல் வந்தது. பையன்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ 2024ல் வந்தது. கல்லூரி வாசலைத் தாண்டியவனுக்கு ஆயிரம் ரூபாய். வாசல் எந்தப் பக்கம் என்று தேடுகிறவனுக்கு? அவன் தொலைந்துபோவது அந்த மே மாதத்தில்தானே!

எங்கே வைத்துக் காட்டுவது, யார் சொல்லித்தருவது என்று கேட்கிறார்களா? 1935ல் சோவியத் நாட்டில் திபிலிசி நகரில் குழந்தைகள் ரயில்பாதை ஒன்று திறந்தார்கள். பொம்மை ரயில் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் குளிர்காலத்தில் பாடம் கற்று, கோடையில் தாங்களே நடத்திய நிஜ ரயில். பிறகு பல நகரங்களில் அதுபோல் தோன்றின. ஹங்கேரியின் புடாபெஸ்டில் 1948ல் தொடங்கிய பதினொரு கிலோமீட்டர் பாதை இன்றும் ஓடுகிறது. பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் டிக்கெட் கொடுக்கிறார்கள், சிக்னல் பார்க்கிறார்கள், எஞ்சினை மட்டும் பெரியவர்கள் ஓட்டுகிறார்கள். ஆட்சியே மாறிய பிறகும் அந்த ரயில் நிற்கவில்லை. அங்கே பிள்ளையின் உழைப்பில் எவனும் லாபம் பார்ப்பதில்லை. பிள்ளை தொழிலைப் பார்க்கிறான். பஞ்சாலை விடுதிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நம்மிடம் என்ன குறை? பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் இருக்கிறது. 1955ல் திறந்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பஞ்சாலை ஆராய்ச்சி நிலையமான சிட்ராவும் இருக்கின்றன. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ‘ஆடுதுறை 43’ நாற்றை இடுப்பொடிய நட்ட தாயின் மகள், அந்த நெல் பிறந்த இடத்தை ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா? இருபது வருடம் ரிங் பிரேமில் இழை முடிந்தவரின் மகனுக்கு, அந்த இழையைச் சோதிக்கும் மெஷினை யாராவது காட்டினார்களா? சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் விஞ்ஞானி ஒரு பக்கம் நிற்கட்டும். அந்த ஃபிட்டரும் டர்னரும் இன்னொரு பக்கம் நிற்கட்டும். தொழிலை அறிந்தவர் அவர்கள். அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுத்து வாத்தியார் நாற்காலியில் உட்காரவையுங்கள்.

நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு யூனியனிலும், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு படிக்கும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும், மார்க் பார்த்துப் பொறுக்காமல், மே மாதத்தில் மூன்று வாரக் கோடை வகுப்பு வேண்டும். பள்ளிச் சத்துணவுக் கூடம் அந்த நாட்களில் மூடக் கூடாது. பஸ் செலவு சர்க்காருடையது. வந்த நாள் ஒவ்வொன்றுக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும். அது பெண் பிள்ளையானால் அவள் கையிலேயே தரவேண்டும்.

கோரிக்கையை எங்கே வைப்பது என்று திகைக்க வேண்டாம். 2009ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி உங்கள் ஊர் சர்க்கார் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருந்தாக வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதாவது நீங்கள்தான். ஷிப்டு முடிந்து வரும் தோழர்களும் நடவு முடிந்து வரும் தாய்மார்களும் அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். பரீட்சைக்கு முன்பே, பிப்ரவரிக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எழுதி, மினிட் புத்தகத்தில் ஏற்றி, கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள்.