வீட்டை விற்கத் தரகர் எதற்கு?

வீட்டை விற்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் பலர் என்ன செய்கிறார்கள்? தரகரைத் தேடி ஓடுகிறார்கள். நூற்றுக்கு 2 ரூபாய் தரகு என்று வைத்துக் கொள்வோம். 40 லட்ச ரூபாய் வீட்டுக்கு 80 ஆயிரம் ரூபாய் போய்விடும். மகள் கல்யாணத்துக்காக வீட்டை விற்கும் குடும்பத்துக்கு இது சின்னப் பணமா?

தரகர் செய்யும் முக்கிய வேலை, வாங்குகிறவரை அழைத்து வருவதுதான். நாஞ்சில் நாட்டில் இது முடியாத காரியமா? தோவாளையிலும் அகஸ்தீசுவரத்திலும் ஊருக்கு ஊர் உறவு உண்டு. கோவில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் நாலு பேரிடம் சொல்லலாம். வாசலில் ஒரு பலகை மாட்டலாம். ஆள் வந்துவிடும். பக்கத்துத் தெருவில் சென்ட் என்ன விலைக்குப் போயிற்று என்று விசாரித்தால் விலையும் தெரிந்துவிடும்.

ஆனால், வந்த ஆள் திரும்பிப் போவது ஏன்? பெரும்பாலும் பத்திரத்தில் உள்ள சிக்கலால்தான்!

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதிதான் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. அதற்கு முந்திய பத்திரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. தாத்தாவின் பத்திரம் பெட்டியில் இருக்கும். படிக்க வீட்டில் ஆள் இருக்காது. மலையாளம் தெரிந்தவரைக் கொண்டு அதைப் படித்துவிட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் ஒரு காலத்தில் சொத்து சகோதரியின் மக்களுக்கே போயிற்று. அந்தத் துன்பத்தைத்தான் தேரூர்க் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று பாடினார். எனவே, பழைய பாகப் பத்திரத்தில் யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்ப்பது அவசியம்.

பெண் மக்களை மறக்கலாமா? இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு. 2005-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இதை நாடு முழுவதற்கும் ஆக்கிவிட்டது. "கட்டிக் கொடுத்தாயிற்றே" என்று தங்கையின் கையெழுத்தை விட்டுவிட்டால், பிறகு கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான்!

பட்டா, தீர்வை ரசீது, வில்லங்கச் சான்று மூன்றையும் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பதிவு செய்யாத ஒற்றி அதில் தெரியாது. அப்படி ஏதும் இருந்தால், விற்கிறவர் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அட்வான்சை ரொக்கமாக 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ வாங்க வருமான வரிச் சட்டம் இடம் தரவில்லை. பாங்கி மூலமாகவே வாங்க வேண்டும். மீதிப் பணம் கணக்கில் சேர்ந்த பிறகே கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுவது நல்லது. அந்தச் செலவு வீண் அல்ல.

தரகர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்ல. உழைத்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டியதுதான். ஆனால், பத்திரத்தைப் படித்துப் பார்க்கிற குடும்பத்துக்குத் தரகர் தேவை இல்லை. படிக்காத குடும்பத்தை எந்தத் தரகராலும் காப்பாற்ற முடியாது!