ஸ்மார்ட் போர்டு இருக்கு... வாசிக்கத் தெரியுதா? அரசுப் பள்ளிகளில் நாம கேட்க மறந்த கேள்வி!

அரசுப் பள்ளி பத்தின ரீல்ஸ் உங்க ஃபீடுலயும் கண்டிப்பா வந்திருக்கும். புதுப் பெயின்ட், ஸ்மார்ட் போர்டு, சுவர் முழுக்க ஓவியம். நல்ல விஷயம்தான். ஆனா அந்த போர்டுல ஓடுற வரியை அந்த கிளாஸ் பசங்களால வாசிக்க முடியுதான்னு யாரும் ரீல்ஸ் போடுறதில்லை.

பிரதம் அமைப்பின் 'ஏசர்' ஆய்வு, கிராமத்து வீடுகளுக்கே போய் இதைத்தான் சோதிக்குது. 2024 அறிக்கைப்படி, இந்திய அளவில் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறவங்கள்ல, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிஞ்சவங்க 23.4 சதவிகிதம். 2022-ல் இது 16.3. ஏறியிருக்கு, சரி. மீதி முக்கால்வாசிப் பேர்?

'அதான் ஃபெயிலே ஆக்குறதில்லையே, அப்புறம் எப்படிப் படிப்பாங்க?'னு உங்க சித்தப்பா சொல்லுவார். ஃபெயில் ஆக்கினா என்ன நடக்கும்? புரியாத அதே புத்தகத்தோட அதே பெஞ்சில இன்னொரு வருஷம். ஒண்ணாம் வகுப்புல எழுத்துக்கூட்ட வராத குழந்தைக்கு நாலாம் வகுப்புல யாரும் நின்னு எழுத்துக்கூட்டச் சொல்லித் தர்றதில்லை. போர்ஷன் முடிக்கணுமே!

இதுக்கு பிரதம் கண்டுபிடிச்ச வழி ரொம்ப சிம்பிள். தினமும் கொஞ்ச நேரம் வகுப்பை மறந்துடுங்க. வயசைப் பார்க்காம, யாருக்கு எது வரைக்கும் தெரியுமோ அதை வெச்சுக் குழு பிரிச்சு, அங்கிருந்து ஆரம்பிங்க. 2019-ல் நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் வருஷக்கணக்கா சோதிச்சுப் பார்த்த முறை இது.

அதுல ஒரு முக்கியமான பாடம் இருக்கு. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் புத்தகமும் மட்டும் கொடுத்துட்டு விட்ட இடங்களில் பெருசா மாற்றம் வரலை. அவங்க பாடப்புத்தகத்துக்கே திரும்பிட்டாங்க. ஹரியானாவில் அதே அரசு ஆசிரியர்கள்தான். ஆனா, இதுக்குன்னே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளர்களும் வகுப்புக்கு வந்து உதவினாங்க. வாசிப்பு முன்னேறுச்சு.

நம்ம ஊர்ல 2022-ல் ஆரம்பிச்ச 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் இதே ரூட்தான். அரும்பு, மொட்டு, மலர்னு பசங்களோட நிலைக்கு ஏத்த பயிற்சி நூல், பாட்டு, கதை, செயல்பாடு. ஐடியா சூப்பர். ஆனா ஈராசிரியர் பள்ளியை நினைச்சுப் பாருங்க. அஞ்சு வகுப்பு, ரெண்டு டீச்சர். அதுல ஒருத்தர் தலைமையாசிரியர். பாதி நேரம் 'எமிஸ்' ஆப்ல பதிவேத்தணும். டீச்சர்கள் ரொம்ப நாளா புலம்புறது இதைத்தான். அந்த நேரத்தைத் திருப்பித் தராம புதுத் திட்டமா இறக்கிட்டே இருந்தா, ஃபைல்ல மட்டும்தான் மலர் பூக்கும். (கோபத்துல சொல்றேன்னு நினைச்சாலும் பரவாயில்லை!)

சரி, இதுல நீங்க எங்க வர்றீங்க? கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கணும்; அதுல முக்கால்வாசி பேர் பெற்றோர். தமிழ்நாட்டில் 2024-ல் மாத்தியமைச்சப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. அக்கா பையனோ, தம்பியோ அங்க படிச்சா, இல்ல நீங்களே அங்க படிச்சவரா இருந்தா, அடுத்த கூட்டம் எப்போன்னு தலைமையாசிரியர்கிட்ட விசாரிங்க. அங்க காம்பவுண்டு சுவர், டாய்லெட் எல்லாம் பேசி முடிச்சதும் இதையும் கேளுங்க: 'மூணாம் வகுப்புல எத்தனை பேர் இன்னும் அரும்புல இருக்காங்க டீச்சர்? போன டெர்ம்ல எத்தனை பேர் இருந்தாங்க?'