பட்டன் இருந்தால் போதுமா?

எங்கள் காலை நடைக் குழுவில் ஐந்து பேர். நடப்பது அரை மணி நேரம். அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது முக்கால் மணி நேரம். போன வாரம் பேச்சு டயரில் வந்து நின்றது. எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். தன் வண்டியின் பின் டயர் 41,000 கிலோமீட்டர் ஓடியும் இன்னும் பட்டன் கிடக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மற்ற மூவரும் மெச்சித் தலையாட்டினார்கள். "என்ன பேருங்க அந்த டயரு?" என்று ஒருவர் கேட்டு செல்போனில் குறித்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அதைக் கழட்டி மாமரத்துல பேரனுக்கு ஊஞ்சல் கட்டுங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். வாத்தியாரும் இதைப் படிப்பார். படித்துவிட்டுத் திட்டினாலும் சரி.

நான் சொல்ல வருவது இதுதான். டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டு வாங்குகிற பழக்கத்தை நம் வயதுக்காரர்கள் விட்டாக வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இந்த டயர் எப்போது செய்தது? மழையில் பிடிக்குமா?

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அதில் வளர்ந்தவன்தான். புக் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பஜாஜ் சேட்டக் வாங்கிய தலைமுறை நாம். அதற்கு முன் சக்கரம், பின் சக்கரம், ஸ்டெப்னி மூன்றும் ஒரே அளவு, 3.50-10. பின்னால் தேய்ந்ததை முன்னால் போடுவோம். முன்னால் இருந்தது ஸ்டெப்னிக்குப் போகும். ஸ்டெப்னி பின்னால் வரும். இப்படி மாற்றி மாற்றிப் போட்டு, துணி தெரிகிற வரைக்கும் ஓட்டி, கடைசியில் டியூபுக்கும் டயருக்கும் நடுவே பழைய டயர்த் துண்டை வைத்து இன்னும் நாலு மாதம் ஓட்டியவர்களும் உண்டு. அது தப்பில்லை. சம்பளம் அவ்வளவுதான். வேகமும் நாற்பது, நாற்பத்தைந்துதான்.

ஆனால் இன்று நம் கையில் இருப்பது சேட்டக் இல்லை. 2017-இல் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றேன். மறு வருடம், பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, பஜாஜ் டோமினார் 400 வாங்கினேன். வேகமாகவும் போகலாம், அலுப்பில்லாமல் தூரமும் போகலாம் என்கிற ஜாதி வண்டி. ஸ்போர்ட் டூரர் என்பார்கள். வண்டியின் எடையே 180 கிலோவுக்கு மேல். அதன்மேல் நான், என் மனைவி, இரண்டு பை. நாற்கர சாலையில் தொண்ணூறில் போவது தெரியாது. இந்த வண்டிக்கும் நான் சேட்டக் கணக்கே போட்டேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் மனைவி கொடுத்தாள்.

2022-இல் பின் டயர் தேய்ந்துவிட்டது. டயர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு டயரை எடுத்துப் போட்டார். ஒன்று மழையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும் என்றார். மற்றது "கல்லு மாதிரிங்க சார், தேயவே தேயாது. உங்களுக்காக 1,400 ரூபாய் கம்மி பண்ணித் தர்றேன்" என்றார். முப்பத்தாறு வருடம் கணக்கு எழுதியவனுக்கு எது பிடிக்கும்? கல்லைத்தான் வாங்கினேன். முன் டயர்? "அதுல பட்டன் அப்படியே இருக்குதுங்களே, எதுக்கு வீண் செலவு?" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது.

2024 ஜூலையில் வால்பாறைக்குப் போனோம். ஆழியாற்றிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வெயில். மறுநாள் இறங்கும்போது சாரல். நான் வேகமாக வரவில்லை. இருபது, இருபத்தைந்துதான் இருக்கும். ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. லேசாக முன் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் இடது பக்கம் நழுவியது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வலது கையை ஊன்றி விழுந்தவளுக்கு மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பஸ் டிரைவர் நிறுத்தியதால் உயிரோடு இருக்கிறோம். பிளேட் வைத்து, ஆஸ்பத்திரிச் செலவு 86,000 ரூபாய். அந்த மார்கழியில் எங்கள் வாசலில் புள்ளிக் கோலம் இல்லை. இப்போதும் தோசைக்கல்லை அவள் இடது கையால்தான் தூக்குகிறாள்.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் தம்பி பிரேக்கைப் பார்க்கவில்லை. முன் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான். நகம்தான் வளைந்தது. பிறகு டயரின் பக்கவாட்டில் ஓர் இடத்தைத் துடைத்துவிட்டு, "சார், இதைப் படிங்க" என்றான். 4617 என்று இருந்தது. பின் டயரில் 1118.

இந்த நான்கு எண்ணைத்தான் உங்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். டயரின் பக்கவாட்டில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியிலோ, தனியாக ஒரு சிறு வட்டக் கட்டத்திலோ இருக்கும். முதல் இரண்டு எண் வாரம். அடுத்த இரண்டு வருடம். 4617 என்றால் 2017-ஆம் வருடம் 46-வது வாரம் செய்த டயர். என்னைக் கீழே தள்ளியதற்கு அப்போது ஆறரை வயது தாண்டிவிட்டது. அதைவிட வேடிக்கை பின் டயர். 2022-இல் புத்தம் புதுசு என்று நான் காசு கொடுத்து வாங்கியது, 2018 மார்ச்சில் செய்தது! அந்த 1,400 ரூபாய்த் தள்ளுபடி எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மருந்துக் கடையில் பாராசிட்டமால் அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிறவர்கள் நாம். டயரில் பார்க்கிறோமா?

ரப்பர் வயதாகிற பொருள். வெயில், காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன், சூடு எல்லாம் சேர்ந்து அதை இறுக்குகின்றன. அதை மெதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பசை போகப் போகக் குறைகிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடக்கும். கொரோனா காலத்தில் ஷெட்டில் நின்ற வண்டிக்கும் நடந்தது. டயர் கம்பெனிகளே பொதுவாக என்ன சொல்கின்றன என்றால், ஐந்து வருடம் ஆனபின் வருடா வருடம் ஆளிடம் காட்டிப் பாருங்கள், பத்து வருடத்துக்குமேல் பட்டன் இருந்தாலும் போடாதீர்கள் என்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் பத்து வரை காத்திருக்கமாட்டேன். நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருட்டான, குளிர்ந்த கிடங்கில் முறையாக வைத்த டயர் ஒன்றிரண்டு வருடத்தில் கெட்டுப்போவதில்லை. ஆறு மாதப் பழசு என்று கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம். நாலு வருடப் பழசு என்றால் வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, பட்டன் எதற்கு? உலர்ந்த தார் ரோட்டில் பட்டனால் பிடிமானம் கூடுவதில்லை. அங்கே பிடிப்பது ரப்பரின் மென்மை. பட்டனுக்கு நடுவே இருக்கும் பள்ளங்கள் மழைத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. ஆக, இரண்டும் வேண்டும். ரப்பர் கல்லாகிவிட்டால் பள்ளம் மட்டும் இருந்து பயனில்லை. பள்ளம் போய்விட்டால் மழையில் மென்மை மட்டும் இருந்து பயனில்லை. இருசக்கர வண்டிக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. அது சட்டம் போட்ட கடைசிக் கோடு. அதுவரை தேய்க்கச் சொல்லி அரசாங்கம் நம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. வாத்தியாரின் டயரையும் நான் குனிந்து பார்த்தேன். நேர்சாலையிலேயே ஓடி நடுப்பகுதி தட்டையாகிவிட்டது. அவர் பெருமைப்படும் பட்டன் ஓரத்தில் இருக்கிறது. நடுவில் இல்லை.

"ஏபிஎஸ் இருக்குதே, அப்புறம் எப்படி வழுக்கும்?" என்று கேட்டவர்கள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் பார்த்துக்கொள்ளும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது. இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் உங்கள் இரண்டு உள்ளங்கை அளவுகூட வராது. இன்ஜின், பிரேக், ஏபிஎஸ் எல்லாம் அந்த இடத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. அதிலும் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பெரும்பாலான வேலையைச் செய்வது முன் டயர். அதைத்தான் நாம் "தேயவே இல்லை" என்று விட்டுவைக்கிறோம்!

பிள்ளைகளையும் விட்டுவிட முடியாது. நாம் கல் டயர் வாங்கினால் அவர்கள் ரேஸ் டயர் வாங்குகிறார்கள். பந்தய டயருக்கு நன்றாகச் சூடேறினால்தான் பிடிமானம் வரும். காலையில் காய்கறி வாங்கப் போகிற வண்டியில் அது எப்போது சூடேறுவது? இன்னொரு மோகம் அகல டயர். 150 போட வேண்டிய இடத்தில் 160 போட்டால் "கெத்து" என்று கடைக்காரரே ஏற்றிவிடுகிறார். ரிம் அகலம் மாறாதே! டயர் நெருக்கப்பட்டு அதன் வளைவு கெடுகிறது, வண்டி திரும்ப முரண்டு பிடிக்கிறது. கம்பெனி கொடுத்த அளவு ஒரு காரணத்தோடு கொடுத்தது.

நடுவழி இருக்கிறது. ஸ்போர்ட் டூரிங் என்றே ஒரு வகை டயர் வருகிறது. இதில் பெரும்பாலும் சிலிக்கா கலந்த ரப்பர் இருக்கும். ஈரத்திலும் குளிரிலும் பிடிக்கும். சிலவற்றில் நடுவில் கொஞ்சம் கெட்டியாகவும், சாயும் ஓரங்களில் மென்மையாகவும் இரண்டு வகை ரப்பர் வைக்கிறார்கள். நேர்சாலையில் உழைக்கும், வளைவில் பிடிக்கும். வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்றும் இல்லை. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய எம்ஆர்எஃப். மதுரையிலும் இருசக்கர டயர் செய்கிறார்கள். நம் வண்டி அளவுக்கு நம் ஊர்க் கம்பெனிகளிலேயே நல்ல டயர் கிடைக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் போதும். என் பின் டயர் 150/60 ஆர் 17, 66 எச். 150 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் அறுபது சதவீத உயரம், அதாவது 90 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல். 17 அங்குல ரிம். 66 என்றால் 300 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுதி. ரேடியல் வந்த வண்டிக்கு ரேடியலே போடுங்கள். ஒன்று ரேடியல், ஒன்று சாதா என்று கலக்காதீர்கள். பாரத்துக்கும் வேகத்துக்குமான குறி கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பக்கவாட்டிலுள்ள அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் படுக்கப்போட்டுத் திருப்ப வேண்டாம். காற்று, வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், கையேட்டில் உள்ள அளவுக்கு. நைட்ரஜன் அடித்தால்தான் ஆச்சா என்றால், சும்மா கிடைக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாராவாரம் காற்றுப் பார்க்கிறவருக்கு அது தேவையில்லை.

"பென்ஷன்காரனுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பீர்கள். நான் கணக்குக்காரன், கணக்கிலேயே சொல்கிறேன். டயரில் மிச்சம் பிடித்தது 1,400 ரூபாய். ஆஸ்பத்திரியில் கட்டியது 86,000 ரூபாய். அவள் மணிக்கட்டை எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இரண்டு டயரையும் அந்த ஆகஸ்டிலேயே மாற்றிவிட்டேன். நான்கு எண்ணைப் பார்த்துத்தான் காசு எடுத்தேன். அவள் மறுபடி பின்னால் உட்கார ஏழு மாதம் ஆனது. ஏறுவதற்கு முன், "தேதி பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள். இப்போதும் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். கேட்கட்டும்.

வாத்தியாரே, நாளைக்கு வண்டியிலேயே வாங்க. ஒரு பழைய துணியும் எடுத்துட்டு வாங்க. டீ குடிக்கிறதுக்கு முன்னாடி அந்த நாலு எண்ணைச் சேர்ந்தே படிச்சிடலாம்.