வக்கீல் ஆபீசில் மூன்று தலைமுறை!

வக்கீல் ஆபீசுக்குப் போயிருக்கிறீர்களா?

போனவர்களுக்குத் தெரியும். நடு நாற்காலியில் சீனியர் வக்கீல் இருப்பார். தலை நரைத்திருக்கும். ஓரத்தில் குமாஸ்தா கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டு இருப்பார். எதிரே இரண்டு ஜூனியர்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. கறுப்புக் கவுனின் புது மடிப்பு இன்னும் கலைந்திருக்காது. கையில் செல்போன்.

தாத்தா, அப்பா, பேரப்பிள்ளை போல மூன்று தலைமுறை!

ஐகோர்ட்டு நீதிபதிக்கு 62 வயதில் ஓய்வு. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு. வக்கீலுக்கு ஓய்வு வயதே கிடையாது. தெம்பு உள்ளவரை வாதாடலாம். அதனால்தான் 75 வயதும் 24 வயதும் ஒரே அறையில் வேலை செய்கின்றன.

நல்லதுதான். ஆனால், இந்த மூன்று பேரும் ஒத்துப்போகாவிட்டால் நஷ்டம் யாருக்கு?

கட்சிக்காரருக்கு!

30 நாள் கெடு

ஓர் ஏழைத் தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்சீப் கோர்ட்டில் அவளுடைய வீட்டு வழக்கு தோற்றுவிட்டது. மேல் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள்தான் கெடு. தீர்ப்பு நகல் கேட்டு மனுப் போட்டால், நகல் தயாராகப் பிடிக்கும் நாட்களைக் கணக்கில் இருந்து கழித்துக்கொள்ளலாம். ஆனால், அந்த மனுவைக் காலத்தோடு போட வேண்டும்.

இந்தக் கணக்கு குமாஸ்தாவுக்கு மனப்பாடம். அப்பீல் மனுவைக் கம்ப்யூட்டர் மூலம் தாக்கல் செய்வது ஜூனியருக்குக் கைவந்த கலை. என்ன சொல்லி வாதாடுவது என்பது சீனியருக்குத் தெரியும்.

ஜூனியர், “இவரிடம் போய் என்ன கேட்பது?” என்று நினைக்கிறார். குமாஸ்தா, “படித்த திமிர்! பட்டால் தெரியும்” என்று வாயை மூடிக்கொள்கிறார். சீனியர் இதைக் கவனிக்கவில்லை.

கெடு போய்விடுகிறது!

பிறகு, காலதாமதத்தை மன்னிக்கும்படி மனுப் போட வேண்டும். நீதிபதி மன்னிக்கலாம்; மன்னிக்காமலும் போகலாம். இவர்களுடைய வீம்புக்கு அந்தத் தாயின் வீடு பலியாவதா?

302 எங்கே? 103 எங்கே?

கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது 1860-ம் ஆண்டு சட்டம். 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி புதிய சட்டம் வந்துவிட்டது. இப்போது கொலைக்குத் தண்டனை சொல்வது 103-வது பிரிவு. மோசடிக்கு 318.

ஆனால், அந்தத் தேதிக்கு முன்பு நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். பின்பு நடந்த குற்றத்துக்குப் புதிய சட்டம். ஒரே நாளில், ஒரே கோர்ட்டில், இரண்டு சட்டத்திலும் வழக்கு நடக்கும்.

பழையது பெரியவருக்கு அத்துபடி. புதியதைச் சின்னவர் சுறுசுறுப்பாகப் படிக்கிறார். இருவரில் ஒருவர் மட்டும் போதுமா? போதாது!

முதலில் கேட்க வேண்டியவர்

இதற்கு வழி சீனியர் கையில்தான் இருக்கிறது. மற்ற இருவரும் அவரைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

“தம்பி, இந்தப் பிரிவு புதுச் சட்டத்தில் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள்” என்று அவரே ஜூனியரிடம் கேட்கட்டும். “கெடு என்றைக்கு முடிகிறது? இவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்” என்று குமாஸ்தாவிடம் எல்லார் முன்னிலையிலும் கேட்கட்டும். பெரியவரே கேட்கும்போது, மற்றவர்களுக்கு என்ன கூச்சம்?

“வயதுக்கு மரியாதை வேண்டாமா?” என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். எழுந்து நிற்பதிலும், பேசும் விதத்திலும் அந்த மரியாதை இருக்கட்டும். வேலை என்று வந்தால், தெரிந்தவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தவறு நேர்ந்தால், “ஜூனியர் செய்துவிட்டார்” என்று சீனியர் கோர்ட்டில் கை காட்டக் கூடாது. “எங்கள் ஆபீசின் தவறு” என்று சொல்ல வேண்டும். புத்திமதியை ஆபீசுக்கு வந்து தனியாகச் சொல்லலாம்.

வயிறும் உண்டு

இன்னொன்று. “நாங்கள் அந்தக் காலத்தில் காசு வாங்காமலே தொழில் கற்றோம்” என்று சில பெரியவர்கள் பெருமை பேசுவார்கள். அது அந்தக் காலம்! இன்று அறை வாடகையை யார் கொடுப்பது? வெளியூரில் இருந்து வரும் ஏழை வீட்டுப் பிள்ளை எப்படிப் பிழைப்பது?

சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20 ஆயிரம் ரூபாயும், மற்ற ஊர்களில் 15 ஆயிரமும் குறைந்தபட்சமாகக் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும்படி, 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சரியான உத்தரவு! பசித்த வயிற்றோடு இருப்பவரிடம் பணிவை மட்டும் எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.

நீங்கள் வக்கீலைத் தேடிப் போகும்போது, பெரிய கட்டிடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். சற்று நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். சீனியர் ஜூனியரிடம் சந்தேகம் கேட்கிறாரா? ஜூனியர் குமாஸ்தாவை மரியாதையாகக் கூப்பிடுகிறாரா? குமாஸ்தா தைரியமாக, “சார், நாளைதான் கடைசி நாள்” என்று சொல்கிறாரா?

அங்கே உங்கள் பத்திரத்தை நம்பிக் கொடுக்கலாம்.