விமானம் ரத்து: கூட்டு வழக்கு போட்டால் பயணிக்கு காசு வருமா?

ஒரே நாளில் ஆயிரம் விமானம் ரத்து. விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக ஆயிரக்கணக்கான ஜனங்கள். பதில் சொல்ல கவுண்டரில் ஆள் இல்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடே பார்த்த காட்சி இது.

அப்போது எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "எல்லோரும் ஒண்ணா சேர்ந்து கேஸ் போடணும் சார். அப்பத்தான் இவங்களுக்கு புத்தி வரும்!"

போடலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அப்படி போட்டால் பயணி கைக்கு என்ன வரும், எப்போது வரும் என்பதுதான் கேள்வி.

நடந்தது என்ன?

விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு தர வேண்டும், இரவு நேரத்தில் விமானம் இறக்குவதை குறைக்க வேண்டும் என்று புது விதி வந்தது. அது 2025 நவம்பர் 1-ந் தேதி முழுமையாக அமலுக்கு வந்தது.

இது திடீர் விதி அல்ல. முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆனாலும் நாட்டின் பெரிய விமான கம்பெனியான இண்டிகோ, அதற்கு தகுந்தபடி ஆட்களை தயார் செய்யவில்லை. டிசம்பர் 3-ந் தேதி முதல் வண்டி தடம் புரண்டது.

3, 4, 5 ஆகிய 3 நாட்களில் மட்டும் 2,507 விமானங்கள் ரத்து. 1,852 விமானங்கள் தாமதம். 3 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் திண்டாட்டம். சென்னை மீனம்பாக்கமும் தப்பவில்லை.

மற்ற கம்பெனிகளின் டிக்கெட் விலை மளமளவென்று ஏறியது. கடைசியில் மத்திய அரசே தலையிட்டு உச்ச வரம்பு வைத்தது. 500 கிலோ மீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500 கிலோ மீட்டருக்கு மேல் 18 ஆயிரம் ரூபாய் என்று கட்டணம் நிர்ணயம் ஆயிற்று.

அபராதம் யாருக்கு?

விமான போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் விசாரணை நடத்தியது. 2026 ஜனவரியில் இண்டிகோவுக்கு 22 கோடியே 20 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

கேட்க பெரிய தொகை. கணக்கு போட்டு பாருங்கள். பாதிக்கப்பட்ட 3 லட்சம் பேருக்கு பங்கு போட்டால் தலைக்கு 740 ரூபாய்! விமான நிலையத்தில் காத்துக்கிடந்தபோது சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் ஆன செலவுக்கு காணுமா?

அந்த 740 ரூபாயும் பயணிக்கு இல்லை. அபராதம் அரசாங்க கஜானாவுக்கு போகிறது.

பயணிக்கு கிடைத்தது, டிக்கெட் பணம் வாபஸ். கடுமையாக பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பயண கூப்பன். 12 மாதத்துக்குள் அதே கம்பெனி விமானத்தில் ஏறினால்தான் கூப்பன் செல்லும். சூடு போட்டவன் கடையிலேயே மருந்து வாங்கு என்கிற மாதிரி!

இது தவிர பழைய விதி ஒன்றும் உண்டு. முறைப்படி முன்கூட்டியே சொல்லாமல் விமானத்தை ரத்து செய்தால், பயண நேரத்துக்கு தகுந்தபடி 5 ஆயிரம், 7,500, 10 ஆயிரம் ரூபாய் வரை நஷ்டஈடு தர வேண்டும். அல்லது அடிப்படை கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அதுதான். "எங்கள் கையில் இல்லாத காரணம்" என்று கம்பெனி நிரூபித்தால் அதுவும் இல்லை.

கூட்டு வழக்கு என்றால்?

ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட லட்சம் பேருக்காக நாலு பேர் வழக்கு போடுவது. தீர்ப்பு லட்சம் பேருக்கும் பொருந்தும்.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தின் 35-வது பிரிவு இதற்கு வழி செய்கிறது. முதலில் கமிஷனிடம் அனுமதி வாங்க வேண்டும். பிறகு சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரியும்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இதில் உள்ள லாபம் வெளிப்படை. 2 ஆயிரம் ரூபாய்க்காக ஒரு குமாஸ்தா லீவு போட்டுவிட்டு கோர்ட்டு படி ஏறுவாரா? மாட்டார். "போனது போகட்டும்" என்று விட்டு விடுவார். அந்த தைரியத்தில்தான் கம்பெனிகள் இருக்கின்றன. 3 லட்சம் பேரின் 2 ஆயிரத்தை கூட்டினால் 60 கோடி ரூபாய். அப்போது கம்பெனி நிமிர்ந்து உட்காரும்.

அமெரிக்காவில் என்ன ஆயிற்று?

கூட்டு வழக்குக்கு பேர் போன நாடு அமெரிக்கா. அங்கே 2020-ல் கொரோனா காலத்தில் விமானங்களை ரத்து செய்த கம்பெனிகள், ரொக்கம் தராமல் "பிறகு பறந்து கொள்ளுங்கள்" என்று கணக்கில் வரவு வைத்தன. டெல்டா கம்பெனி மீது கூட்டு வழக்கு வந்தது. 2023-ல் சமரசம். 2 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் தர கம்பெனி ஒப்புக்கொண்டது. ஆக, வழக்கு பலன் தந்தது. ஆனால் 3 வருஷம் பிடித்தது.

அதே பிரச்சினையில் அமெரிக்க போக்குவரத்து இலாகா வேறு வழியில் போனது. 2022 நவம்பரில் 6 விமான கம்பெனிகள் பயணிகளுக்கு 60 கோடி டாலருக்கு மேல் திருப்பி கொடுத்ததாக அறிவித்தது. அந்த 6-ல் நம் ஏர் இந்தியாவும் ஒன்று! அது திருப்பி கொடுத்தது 12 கோடியே 15 லட்சம் டாலர். தாமதம் செய்ததற்காக தனியாக 14 லட்சம் டாலர் அபராதம்.

இன்னொரு சம்பவம். 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸ் சமயத்தில், சவுத்வெஸ்ட் கம்பெனி 16,900 விமானங்களை ரத்து செய்தது. 20 லட்சம் பேருக்கு மேல் நடுவழியில் நின்றார்கள். உடனே கூட்டு வழக்கு போட ஓடினார்கள்.

ஆனால் பெரிய தொகையை கறந்தது வழக்கு அல்ல, அரசாங்கம்தான். டிக்கெட் பணமும் கைச்செலவுமாக 60 கோடி டாலருக்கு மேல் பயணிகளுக்கு போய்ச் சேர்ந்தது. அதற்கு மேல் 2023 டிசம்பரில் 14 கோடி டாலர் அபராதம். அதில் பெரும் பகுதியை, இனிமேல் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் பயணிகளுக்கு 75 டாலர் கூப்பனாக கொடு என்று உத்தரவு.

அங்கேயும் முட்டுக்கட்டை

அமெரிக்காவில் கூட்டு வழக்குக்கு இரண்டு முட்டுக்கட்டைகள்.

ஒன்று, 1978-ம் ஆண்டு விமான சட்டம். கட்டணம், வழித்தடம், சேவை ஆகியவை பற்றி மாநில சட்டங்களின்படி வழக்கு போட அது தடை போடுகிறது. "டிக்கெட் ஒப்பந்தத்தை மீறினாய்" என்று மட்டும் கேட்கலாம் என்று 1995-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

இரண்டாவது, அந்த டிக்கெட் ஒப்பந்தத்திலேயே சில கம்பெனிகள் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்து விட்டன. "கூட்டு வழக்கு போட மாட்டேன்" என்று பயணியே ஒப்புக்கொண்டதாக! டிக்கெட் வாங்குகிற அவசரத்தில் இதை யார் படிக்கிறார்கள்?

நம் ஊரில் நடக்குமா?

இங்கே முட்டுக்கட்டை வேறு மாதிரி.

முதலாவது, எல்லோருடைய குறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெங்களூர் அடுக்குமாடி வீட்டு வழக்கு ஒன்றில் 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை கறாராக சொல்லி விட்டது. 1,134 வீட்டுக்காரர்கள் சார்பிலும் வழக்கு போட வந்த 91 பேரிடம், "எல்லோருக்கும் ஒரே குறை என்று நீங்கள் காட்டவில்லை. உங்களுக்காக மட்டும் சேர்ந்து நடத்திக் கொள்ளுங்கள்" என்றது.

விமான பயணிகளை எடுத்துக் கொள்ளுங்கள். ஒருவருக்கு தங்கை கல்யாணம் போயிற்று. இன்னொருவருக்கு வேலைக்கான இன்டர்வியூ போயிற்று. மூன்றாமவர் 25 ஆயிரம் கொடுத்து வேறு டிக்கெட் வாங்கினார். நாலாமவர் பேசாமல் வீட்டுக்கு திரும்பி படுத்து விட்டார். நஷ்டம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பொதுவாக இருப்பது டிக்கெட் பணமும் விதிப்படி வரவேண்டிய நஷ்டஈடும்தான். கூட்டு வழக்கு அதற்குத்தான் பொருந்தும்.

இரண்டாவது, செலவு. அமெரிக்காவில் ஜெயித்தால் வக்கீலுக்கு பங்கு. அதனால் வக்கீல்களே முன்கை எடுக்கிறார்கள். நம் நாட்டில் வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கு தடை செய்யப்பட்டது. அப்படியானால் ஊருக்காக வழக்கு நடத்த கைக்காசு போடப்போவது யார்?

மூன்றாவது, காலம். அரசாங்கமே கூட்டு வழக்கு போட்ட கதை ஒன்று உண்டு. 2015-ல் மேகி நூடுல்ஸ் விவகாரத்தில் நெஸ்லே கம்பெனியிடம் 640 கோடி ரூபாய் கேட்டு தேசிய நுகர்வோர் கமிஷனுக்கு போனது. 2024-ல் அது தள்ளுபடி ஆயிற்று. 9 வருஷம்! அரசாங்கத்துக்கே இந்த கதி.

தனியாக போனால்?

வடமாநிலத்தில் ஒரு பயணி. 2016-ல் அவர் போன ரெயில் 4 மணி நேரம் தாமதம். ஜம்முவில் பிடிக்க வேண்டிய விமானம் போய்விட்டது. டாக்சி பிடித்து ஸ்ரீநகர் போனார். ரெயில்வே மீது தனி ஆளாக வழக்கு போட்டார். தாமதத்துக்கு ரெயில்வே சரியான காரணம் காட்டவில்லை என்று சொல்லி, 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு நஷ்டஈடு கொடுத்ததை உறுதி செய்தது. டாக்சி செலவுக்கு மட்டும் 15 ஆயிரம் ரூபாய்!

இங்கேயும் 5 வருஷம் ஆயிற்று. ஆனால் பணம் அவர் கைக்கு. அவர் பட்ட செலவுக்கு தகுந்த பணம்.

இண்டிகோ விவகாரத்தில் பயணிக்கு இன்னொரு பலமும் உண்டு. மழையோ, பனியோ, புயலோ காரணம் என்று கம்பெனி தப்பிக்க முடியாது. சரியான முன்னேற்பாடு இல்லை, விமானத்தையும் ஊழியர்களையும் அளவுக்கு மீறி பயன்படுத்தினார்கள், நிர்வாகத்தில் கோளாறு என்று அரசாங்க விசாரணையே சொல்லிவிட்டது. கமிஷன் முன்னால் இதை எடுத்து வைக்கலாம்.

பயணி என்ன செய்யலாம்?

பாரிமுனையில் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். ரத்து ஆனதால் வேறு டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் 30 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு.

அவர் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு போக வேண்டாம். தான் வசிக்கும் ஊரிலேயே, மாவட்ட நுகர்வோர் கமிஷனில் புகார் கொடுக்கலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். அதாவது 2025 டிசம்பர் சம்பவத்துக்கு 2027 டிசம்பர் முதல் வாரம் வரை நேரம் உண்டு. வழி கேட்க 1915 என்ற போன் நம்பர் இருக்கிறது.

டிக்கெட், ரத்து என்று வந்த செல்போன் செய்தி, வேறு டிக்கெட் ரசீது, ஓட்டல் பில் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எதிலாவது கையெழுத்து கேட்டால், படித்து பார்க்காமல் போடக்கூடாது.

நடு வழி ஒன்றும் உண்டு. ஒரே விமானத்தில் போக இருந்த பத்து, இருபது பேர் சேர்ந்து தங்களுக்காக மட்டும் ஒரே புகார் கொடுப்பது. ஊர் முழுவதற்கும் என்று போனால்தான் ஆயிரம் கேள்வி. "எங்களுக்கு மட்டும்" என்றால் சுப்ரீம் கோர்ட்டே கதவை திறந்து வைத்திருக்கிறது. செலவும் அலைச்சலும் பங்கு ஆகிவிடும்.

முடிவு என்ன?

கூட்டு வழக்கு கம்பெனியை மிரட்ட உதவும். பயணியின் பையை நிரப்ப அவ்வளவாக உதவாது. அதை நடத்த வேண்டியது கைக்காசு போடும் தனி ஆள் அல்ல. 2020-ல் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, பயணிகள் சார்பில் கமிஷனில் புகார் கொடுக்க சட்டம் அதிகாரம் தந்திருக்கிறது. அதிகாரத்தை பீரோவில் வைத்து பூட்டினால் யாருக்கு லாபம்?

அதைவிட நல்ல வழி ஐரோப்பாவில் இருக்கிறது. 2004-ல் போட்ட சட்டப்படி, முன்னறிவிப்பு இல்லாமல் ரத்து ஆனால் தூரத்துக்கு தகுந்தபடி 250, 400, 600 யூரோ. டிக்கெட் விலை என்ன என்ற கேள்வியே இல்லை. அந்த தொகை, மலிவு டிக்கெட்டைவிட பல மடங்கு இருக்கும். ரத்து செய்யும் முன் கம்பெனி இரண்டு தடவை யோசிக்கும்.

நம் ஊரிலோ "எது குறைவோ அது" என்று விதி எழுதி வைத்திருக்கிறோம். அதை "எது அதிகமோ அது" என்று மாற்றினால் போதும். ஒரு சொல்தான் மாறும். கூட்டு வழக்கு பேச்சே பாதி குறைந்துவிடும்!