அலவாங்கு உடைத்த மலை

போர்த்துக்கல் நாட்டின் வடக்கே, டோரோ ஆற்றங்கரையில் பின்யாவ் என்றொரு சிற்றூர் உண்டு. காலையில் அங்கிருந்து புறப்பட்டு, கசால் டி லோய்வோஸ் என்னும் மலைக் கிராமத்துக்கு ஏறி, மறுபக்கமாக இறங்கி, மாலையில் மீண்டும் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தோம். உலகெங்கும் போர்ட் வைன் என்று விற்கப்படும் மது இந்தப் பள்ளத்தாக்கின் திராட்சையிலிருந்துதான் வருகிறது. அதன் சுவையைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நாம் சொல்ல வந்தது அங்குள்ள கல் மதில்களைப் பற்றி.

பின்யாவ் புகையிரத நிலையத்தின் சுவர்களில் 1937இல் பதித்த நீல நிற ஓடுகளில் அறுவடைக் காட்சிகள் தீட்டப்பட்டுள்ளன. பெண்கள் குலை கொய்கிறார்கள். ஆண்கள் கூடைகளை முதுகில் சுமந்து இறங்குகிறார்கள். அந்தப் பாரத்தோடு எப்படி இறங்கினார்கள் என்பது ஏறத் தொடங்கிய அரைமணி நேரத்திலேயே எமது முழங்கால்களுக்கு விளங்கிவிட்டது. மலை அவ்வளவு செங்குத்து. அடிவாரத்திலிருந்து உச்சிவரை படிக்கட்டுப் போல நிலம் வெட்டப்பட்டு, ஒவ்வொரு படியையும் ஒரு கல் மதில் தாங்கி நிற்கிறது.

அங்கே இயற்கையாக மண் இருக்கவில்லை என்றே சொல்லலாம். ஏடு ஏடாகப் பிளக்கும் ஒருவகைப் பாறைதான் மலை முழுவதும். அதை அலவாங்காலும் வெடிமருந்தாலும் உடைத்து, பெரிய கற்களை மதிலாக அடுக்கி, நொறுங்கியதை உள்ளே நிரப்பித்தான் தோட்டம் செய்தார்கள். மதிலில் சாந்து இல்லை. அதனால் மாரி மழைநீர் கல்லிடுக்குகளால் வடிந்துபோகும், மதில் சரியாது. உள்ளூர் ஏழைகளும், ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூலிக்கு வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. அலவாங்கு என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்ததுதான். பீப்பாவும் அப்படியே. டோரோ விவசாயி இன்றும் தன் விளைச்சலைப் ‘பீப்பா’க் கணக்கிலேயே சொல்கிறான், ஒரு பீப்பா 550 லீற்றர்.

1756இல் அந்நாட்டின் முதலமைச்சராயிருந்த பொம்பால் என்பவர் இந்தப் பள்ளத்தாக்கைச் சட்டத்தால் எல்லைப்படுத்தினார். அதற்காக முந்நூறுக்கு மேற்பட்ட கருங்கல் தூண்கள் நாட்டப்பட்டன. கலப்படத்தைத் தடுத்து, விலையைக் காப்பாற்றுவதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் வர்த்தகம் ஒரு கம்பனியின் கையில் கொடுக்கப்பட்டது. 1757இல் போர்த்தோ நகரத்துச் சாதாரண மக்கள் அதை எதிர்த்து எழுந்தபோது பலர் தூக்கிலிடப்பட்டார்கள். எல்லைக்கல் மதுவின் பெயரைக் காத்தது. மதில் கட்டியவனைக் காத்ததாக எமக்குத் தோன்றவில்லை.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்ஸெரா என்ற பூச்சி பள்ளத்தாக்கில் பரவத் தொடங்கியது. எமது தோட்டங்களில் காணும் அழுக்கணவனுக்கு உறவான அது, வேரைத் தாக்கிக் கொடியைக் கொல்லும். மதிலுக்கு மேல் மதிலாகத் தோட்டங்கள் பட்டுப்போயின. குடும்பங்கள் வெளியேறின. அப்படிக் கைவிடப்பட்ட நிலங்களை அவ்வூரார் ‘மொர்த்தோரியோ’ என்கிறார்கள். சாவோடு சேர்ந்த சொல் அது. கிராமத்தைத் தாண்டி இறங்கும்போது அத்தகைய ஒரு சரிவைக் கடந்தோம். மதில்கள் அங்கங்கே வயிறு தள்ளி, வாய் பிளந்து, கற்கள் கீழ்ப்படியில் உருண்டு கிடந்தன. படிகளில் பற்றை. ஊர் திரும்பி, தூர்ந்துபோன கிணற்றையும் மறைந்துபோன வரம்பையும் பார்த்த எமது வாசகர்களுக்கு அந்தச் சரிவை நாம் விவரிக்கத் தேவையில்லை.

பூச்சிக்கு மருந்து இல்லாமலில்லை. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் உள்ளூர்க் கொடியை ஒட்டினால் அது தாக்குப்பிடிக்கும் என்பதைச் சில ஆண்டுகளிலேயே கண்டுபிடித்தார்கள். ஆனால் நாற்று வாங்க வேண்டும். மதிலைத் திருத்த வேண்டும். ஒட்டிய கொடி காய்க்க மூன்று ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டு அடுப்பெரியப் பணமுள்ளவன் நிலத்துக்குத் திரும்பினான். இல்லாதவன் திரும்பவில்லை. நொடிந்தவர்களின் தோட்டங்கள் பலவற்றை வர்த்தகக் கம்பனிகள் வாங்கின. நிலத்தை அழித்தது பூச்சி என்று வரலாற்று நூல்கள் எழுதும். நிலத்தையும் உழவனையும் பிரித்தது அந்த மூன்று ஆண்டுகள் என்பது எமது எண்ணம். மீள்குடியேற்றம் என்றால் காணியைக் காட்டி, உறுதியைக் கையில் கொடுத்து, சில மாத உலர் உணவோடு கடமை முடிந்தது என்று கருதுவோர் இந்த மலையில் ஒரு முறை ஏறிப் பார்க்கட்டும்.

2001இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது. உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. முன்பு பாறைகளில் மோதிப் படகுகளைக் கவிழ்த்த ஆறு, 1970களில் கட்டிய அணைகளால் குளம்போலக் கிடக்கிறது. சிறு விவசாயிகள் இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், பலர் முதியவர்கள். 1960களிலிருந்தே பிள்ளைகள் பிரான்சுக்கும் நகரங்களுக்கும் போய்விட்டார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் தரப் புள்ளி உண்டு. அதன்படி எவ்வளவு திராட்சையைப் போர்ட் மதுவாக்கலாம் என்று ஆண்டுதோறும் அனுமதி வரும். மிஞ்சியது குறைந்த விலைக்குப் போகும். அந்த அனுமதி குறைந்தால் மதிலுக்குச் செலவிடக் கையில் காசில்லை. 1986வரை போர்ட் மதுவை ஆற்று வாயிலிலுள்ள கம்பனிக் கிடங்குகள் வழியாகவே ஏற்றுமதி செய்ய முடிந்தது. அந்த ஆண்டில்தான் தோட்டத்திலிருந்தே நேரே அனுப்ப வழி பிறந்தது. மரபுரிமைப் பட்டத்தைவிட அந்தச் சட்டம் விவசாயிக்குக் கூடுதலாக உதவியது என்போம்.

இறக்கத்தில், பற்றை வெட்டிய ஒரு மொர்த்தோரியோப் படியில் ஒலிவ் கன்றுகள் நின்றன. வயதான கணவனும் மனைவியும் சரிந்த மதிலைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மொழி எமக்குத் தெரியாது. பெரிய கல் வெளியே, சிறிய கல் உள்ளே, மதில் மலைப்பக்கம் சற்றே சாய வேண்டும் என்று அவர் கையாலே காட்டினார். பைகளை இறக்கி வைத்துவிட்டு, புகையிரத நேரம் வரும்வரை நாமும் கல் எடுத்துக் கொடுத்தோம்.