இறக்குவது வேறு, தளர்த்துவது வேறு

எங்கள் கோயில் பாடகர் குழுவில் 1970களின் கடைசியிலிருந்து நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். வாரம் முழுக்க அலுவலகத்தில் கோப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு தந்தி. அன்று என்னோடு பாடிய அக்காமார் பலருக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வயதானால் குரல் இறங்கும். பழைய பாட்டுகளின் உச்சி அவர்களுக்கு இப்போது எட்டுவதில்லை.

போன வருஷம் ஒரு கூட்டத்தில், "முடியாதவங்க ஓய்வெடுக்கலாமே" என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. "பாட்டை ஒரு சுரம் இறக்குங்களேன், யாரும் ஓய்வெடுக்க வேண்டாமே" என்றேன். கீபோர்டு வாசிக்கும் தம்பி, "எனக்கு ஒரு பட்டன்தான் அங்கிள். உங்க பேஸ்லதான் 'ஈ'க்குக் கீழே எதுவும் இல்லையே" என்றான். அவனுக்கு 'ஈ', பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது 'மி'. எதுவானாலும் அவன் சொன்னது உண்மை. பேஸ் கிட்டாரின் நாலு தந்தி மி, லா, ரே, சோல். எனக்கு வேண்டியது ரே, சோல், தோ, ஃபா. அப்படி இறக்கிவிட்டால் நாற்பது வருஷமாகப் பழகிய விரல்கள் பழைய இடத்திலேயே வாசிக்கலாம்.

கிட்டாரைக் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த பையன் நாலு சாவியையும் திருகித் தளர்த்தி, சுருதி காட்டும் பெட்டியைப் பார்த்து, "முடிஞ்சுது சார்" என்றான். வாசித்துப் பார்த்தால் தகரத்தில் தேனீ அடைத்தது போல் ஒரே இரைச்சல். உடனே அவன் தீர்ப்பு சொன்னான்: "நெக் போயிடுச்சு சார். இது பழசு. அஞ்சு தந்தி பேஸ் ஒண்ணு வாங்கிடுங்க."

பாடகிக்குச் சொன்ன அதே தீர்ப்பு! பழசு, ஓய்வு கொடு, புதுசு வாங்கு. இந்த வாதத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். கிட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. குறை செய்த வேலையில்.

எங்கள் முசியே பௌதிக வகுப்பில் மெர்சென் விதிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டது இன்னும் நினைவிருக்கிறது. மெர்சென் ஒரு பிரெஞ்சுத் துறவி. 1636இல் தந்திகளைப் பற்றி எழுதியவர். தந்தியின் சுருதி அதன் நீளம், இழுவிசை, எடை மூன்றையும் பொறுத்தது. பேஸின் நீளம் பெரும்பாலும் 34 அங்குலம்; அதை மாற்ற முடியாது. ஆகவே இறக்க இரண்டே வழி: தந்தியைத் தளர்த்துவது, அல்லது கனமான தந்தி போடுவது. 'மி' நொடிக்கு 41.2 அதிர்வு, கீழ் 'ரே' 36.7. தளர்த்தியே அங்கே போனால் இழுவிசை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்துவிடும். தொய்ந்த தந்தி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் இடிக்கிறது. அதோடு, நெக்குக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. அது தந்திகளின் இழுப்புக்கு எதிராக இழுத்துச் சமன் செய்வது. ஒரு பக்கம் இழுப்புக் குறைந்தால் நெக் பின்னால் வளையாதா? 'நெக் போயிடுச்சு' என்பதன் பொருள் இவ்வளவுதான்.

முறையாகச் செய்வது கடினமும் இல்லை. என் கிட்டாரில் இருந்த தந்திகள் அங்குலத்தில் ஆயிரத்தில் 45, 65, 85, 105 பங்கு தடிப்பு. அதே இறுக்கத்தோடு ஒரு சுரம் இறங்க 105க்குப் பதில் 118 வேண்டும் என்று கணக்கு வந்தது. 55, 75, 95, 115 கொண்ட செட் ஒன்றை வரவழைத்தேன். தடித்த தந்தி நட்டின் பள்ளத்தில் உட்காரவில்லை. சின்ன அரத்தால் பள்ளத்தை அகலப்படுத்தினேன், ஆழப்படுத்தக் கூடாது. புதுச் சுருதியில் சேர்த்து ஒரு இரவு விட்டேன். மறுநாள் முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி வேண்டும். அது வரும்வரை எல்-கீயால் அந்தக் கம்பியைக் கால் திருப்புக்கு மேல் போகாமல் சரிசெய்தேன். பிறகு தந்தியின் உயரம். கடைசியாகப் பிரிட்ஜ்: பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்தபோது சுருதி கொஞ்சம் ஏறித் தெரிந்தது, சாடிலைப் பின்னுக்குத் தள்ளினேன், சேர்ந்தது. இரண்டு சாயங்காலம் போயிற்று. இரைச்சல் இல்லை.

"ஒரு சில பேருக்காக எல்லாரும் இறங்குவதா?" என்று குழுவில் கேட்டார்கள். 1859இல் பிரெஞ்சு அரசாங்கம் இதற்கு ஒரு உத்தரவே போட்டிருக்கிறது. வாத்தியங்களின் சுருதி வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போய்ப் பாடகர்களின் தொண்டையை வாட்டியது. ரோசினியும் பெர்லியோஸும் இருந்த குழு ஒன்றை அமைத்து, 'லா' என்றால் நொடிக்கு 435 அதிர்வு என்று நிர்ணயித்தார்கள். தொண்டைக்காக வாத்தியம் இறங்க வேண்டும் என்பது அரசாணையாகவே வந்த விஷயம். அரசாணைகளோடு காலம் தள்ளியவன் நான். இதைப் போல எனக்குப் பிடித்தது வேறில்லை.

பிரெஞ்சில் சுருதி சேர்ப்பதற்கு 'அக்கோர்தே' என்பார்கள். ஒத்துப்போவதற்கும் அதே வினைதான். கடைப் பையன் செய்தது 'தேசகோர்தே', சுருதி கலைப்பது. நம் கூட்டமும் அதைத்தான் செய்தது.

விலகிய இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். முன்வரிசையில் நின்று பாடுகிறார். மற்றவர் வரவில்லை. வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். "வேண்டாந் தம்பி, சொன்னது சொன்னதுதானே" என்றார். கிட்டாரைச் சரிசெய்ய இரண்டு சாயங்காலம் போதுமாக இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. பாடகர் குழு நடத்தும் அன்பர்களே, அப்படி ஒரு வார்த்தை சொல்வதற்கு முன் முதலில் பாட்டை ஒரு சுரம் இறக்கிப் பாருங்கள்.